நகரிப் பூகோளத்தில் என் புளியங்கொட்டை

திருப்பதிக்குக் கிளம்புகிறேன் என்றதும் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், "பாஸ்போர்ட் எடுத்தாச்சாம்மா?" என்று கேட்டார். ஆந்திரம் தனி ராஜ்யமான நாளிலிருந்து அவருக்கு இது ஒரு வேடிக்கை. நெல்லூர் அரிசி வாங்கினால்கூட வெளிநாட்டுச் சரக்கு என்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் போவது சுவாமி தரிசனத்துக்கு மட்டுமல்ல, என் பெண்ணை அந்த வெளிநாட்டிலிருந்து கையோடு கூட்டிக்கொண்டு வருவதற்கும்தான்.

சரோஜா நகரியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறாள். போன வருஷம் எல்லைத் தகராறு சூடாக இருந்த சமயம், விடுமுறைக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவள் மேல் ரயில் ஜன்னல் வழியாக ஒரு கல் வந்து விழுந்தது. இடது புருவத்துக்கு மேலே தையல் போட்டார்கள். ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். கல்லை எறிந்தது யார், எந்த ராஜ்யத்துக்காக எறிந்தான் என்று இன்றுவரை தெரியாது. தையல் பிரித்த கையோடு அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். நான்தான் இன்னும் திரும்பவில்லை. தெருவில் பையன்கள் கோலி விளையாடுகிற சத்தம் கேட்டால்கூட எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறேன்.

இந்த நிலையில் என் அண்ணா, சென்னையிலேயே ஒரு பெண்கள் பள்ளியில் சரோஜாவுக்கு இடம் பேசி வைத்திருந்தார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் அப்பாவுக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. "அவளைக் கூட்டிக்கொண்டுதான் வருவேன்" என்றேன். "முதலில் நீ பத்திரமாகப் போய்ச் சேர்" என்றார்.

ரயிலில் நடைபாதை ஓரமாக உட்கார்ந்துகொண்டு, இரண்டு பக்கத்து மரக்கதவுகளையும் கீழே இறக்கிவிட்டேன். பங்குனி வெயில். பெட்டி இட்லிப் பானை மாதிரி ஆகிவிட்டது. எதிரில் கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்பிள்ளை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, காத்து உள்ள வரக் கூடாதுன்னு காசு குடுத்து டிக்கெட்டு வாங்கினியா?" என்றாள். பெட்டி முழுக்கச் சிரித்தது. நான் கதவைத் திறக்கவில்லை. கீரைதான் வாடிப்போயிற்று, பாவம்.

திருப்பதியில் ஆசிரியர் கூட்டம் ஒன்று இருந்ததால் சரோஜா அங்கேயே வந்து என்னைச் சந்தித்தாள். முதல் காரியமாக அவள் முகத்தைத் திருப்பித் தழும்பைப் பார்த்தேன். "அம்மா, அது எங்கேயும் ஓடிடலை, அங்கேயேதான் இருக்கு" என்றாள்.

அவள் கண் தப்பினால் மூன்று கத்தரி முடி தருவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். மலை மேல் நாவிதர் என் பின்னலைக் கையில் எடுத்து எடை பார்ப்பவர்போல் ஆட்டிவிட்டு, "மூணு கத்தரிதானாம்மா? சாமிக்கு இது மீசைக்குக்கூடக் காணாதே!" என்று தமிழில் சொன்னார். பக்கத்தில் இருந்தவரிடம் அதையே தெலுங்கில் சொல்லி மறுபடி ஒரு தரம் சிரித்துக்கொண்டார். இரண்டு பாஷையிலும் ஒரே நகைச்சுவையை விற்கிற வியாபாரி.

தரிசன வரிசையில் நின்ற நேரமெல்லாம் சரோஜா சுவாமியை நினைத்தாளோ இல்லையோ, ஜனங்களை எடை போட்டுக்கொண்டிருந்தாள். மூட்டையைத் தலையில் சுமக்கிறவர்கள் எந்தச் சீமை, தோளில் முடிச்சிட்டுத் தொங்கவிடுகிறவர்கள் எந்தச் சீமை, யார் கட்டுச்சோறு கொண்டுவந்திருக்கிறார்கள், யார் அரிசியும் பாத்திரமுமாக வந்து இங்கேயே அடுப்பு மூட்டுகிறார்கள்... "மலை எவ்வளவு உயரம்னு சொல்றது பாதிப் பூகோளம்மா. இந்த மலைக்கு இவங்கல்லாம் எங்கேருந்து, எதுக்கு, எப்படி வராங்கங்கறதுதான் மீதிப் பாதி" என்றாள். நாங்கள் படித்தபோது பூகோளம் என்றால் முனைகளும் விரிகுடாக்களும்தான். மனிதர்கள் அதில் வந்ததாக ஞாபகம் இல்லை.

கீழ்த் திருப்பதியில் ஓட்டலில் சாப்பிட்டோம். பருப்புப் பொடியும் நெய்யும் முதலில் வந்தன. அது வரைக்கும் சொர்க்கம். அப்புறம் கோங்குரா என்கிற புளிச்சக்கீரைத் துவையல் வந்தது. ஒரு வாய் வைத்ததும் எனக்குக் காதில் ரயில் ஓடியது. பக்கத்து இலைக்காரர் அதே துவையலை உருண்டை உருண்டையாக உருட்டிச் சாப்பிட்டுவிட்டு, என் தண்ணீர் டம்ளரைக் காட்டிப் பரிமாறுகிறவரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். சரோஜாவைக் கேட்டேன். "'இந்த மதராஸ் அம்மாவுக்கு மோர் கொண்டு வா, அழுதுகொண்டிருக்கிறாள்' என்கிறார்" என்றாள்.

மறுநாள் நகரிக்குப் பஸ். புத்தூர் தாண்டி ஒரு புளியந்தோப்பு அருகே எஞ்சின் நின்றது. முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினால்தான் மறுபடி கிளம்பும். அந்தக் கைப்பிடியைத்தான் டிரைவர் முந்தின ஊர் டீக்கடை பெஞ்சுக்குக் கீழே வைத்துவிட்டு வந்திருந்தார். டிரைவர் தெலுங்கில் கண்டக்டரைத் திட்டினார், கண்டக்டர் தமிழில் திருப்பிக் கொடுத்தார். இருவருக்கும் எல்லாம் புரிந்தது. சைக்கிளில் வந்த ஒருவரைக் கைப்பிடி கொண்டுவர அனுப்பிவிட்டு எல்லோரும் மரத்தடியில் உட்கார்ந்தோம். ஒரு கல்யாணக் கூட்டம் புளியோதரைத் தூக்கைத் திறந்தது. "எந்த ஊரும்மா?" என்று கேட்டு, மதராஸ் என்றதும், "அடடே, பக்கத்து தேசத்துலேருந்து வந்துகினு கீறீங்க, நல்லா துன்னுங்க" என்று எனக்கு ஒரு கை கூடவே வைத்தார்கள்.

அந்த நல்ல நேரத்தில்தான் அண்ணா பேசி வைத்த வேலையைச் சொன்னேன். சரோஜா புளியோதரையில் இருந்த வேர்க்கடலையைப் பொறுக்கி என் இலையில் போட்டாள். எனக்குப் பிடிக்கும் என்று தெரியும்.

"சனிக்கிழமை என் பிள்ளைங்களை வெளியே கூட்டிட்டுப் போறேன். நீயும் வா. அது முடிஞ்சு, 'என்னோட வா'ன்னு நீ சொன்னா வந்துடறேன். வாதாட மாட்டேன்."

இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கைப்பிடி வந்தது, பஸ் கிளம்பியது. ஜன்னலோர இடத்தைக் கல்யாணப் பெண்ணுக்கு விட்டுக்கொடுத்து நடுவில் உட்கார்ந்தேன். என்னைப் பெருந்தன்மையான அம்மாள் என்று நினைத்திருப்பார்கள்.

சரோஜா குடியிருக்கும் அறைக்குப் பின்கட்டில் தறி ஓடுகிறது. விடிந்ததிலிருந்து தடக்கு தடக்கென்று சத்தம். காலையில் மிளகாயும் பூண்டும் அரைத்துத் தடவிய தோசை, வேர்க்கடலைச் சட்னி. எங்கள் வீட்டுத் தேங்காய்ச் சட்னி இதன் முன்னால் நோயாளிப் பத்தியம். வாசலுக்கு வந்தால் மலை. ஒரு பக்கம் பாறை நீட்டிக்கொண்டு மூக்கு மாதிரியே இருக்கிறது. மதராஸை நோக்கி வரும் கப்பல்காரர்கள் கரை தெரிவதற்கு முன்பே இந்த மூக்கைப் பார்த்துத்தான் திசை தெரிந்துகொள்வார்களாம். நாற்பத்தைந்து வயது வரை கடற்கரைப் பட்டணத்தில் இருந்திருக்கிறேன், எனக்கு இது தெரியாது.

வெள்ளிக்கிழமை நாலாம் பாரம் என்கிற ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவள் வகுப்பைப் பார்த்தேன். தேசப்படம் மாட்டவில்லை. "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று ஆரம்பித்தாள்.

"சங்கடி டீச்சர்." "பழையது." "கருவாடு."

சங்கடிக் களிக்குக் கேழ்வரகு சொந்தக் காடு. சரி, உப்பு? கருவாடு? மலைக்கு இந்தப் பக்கம் கடல் ஏது? பழவேற்காட்டுக் கரையிலிருந்து கூடை வருகிறது. கட்டியிருக்கிற துணி? இங்கே நெய்தது. நூல்? கோயம்புத்தூர். நெய்த லுங்கி எங்கே போகிறது? ஒருவன் எழுந்து, "எங்க நைனா நெய்றது சிங்கப்பூர் போவுது டீச்சர், ஆனா எங்க நைனா திருத்தணி தாண்டினதில்ல" என்றான். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான். தமிழில் கேட்டதைத் தெலுங்கில் ஒரு முறை சொல்லி, தெலுங்கில் வந்த பதிலைத் தமிழில் கரும்பலகையில் எழுதி, சாக்குக்கட்டி தீரும்வரை கோடுகள் இழுத்துக்கொண்டே போனாள். என் பெண் இவ்வளவு உரக்கப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் உப்புப் போதவில்லை என்றால்கூடச் சொல்ல மாட்டாள்.

சனிக்கிழமை காலை பிள்ளைகள் வரிசையாக ஆற்று மணலைத் தாண்டி அக்கரையில் ஒரு சிற்றூருக்குப் போனார்கள். பின்னால் நான், குடையோடு. இருவர் இருவராக வீடு வீடாகப் போய் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். என்ன பொருள் எங்கே வாங்குகிறீர்கள், விளைந்ததை எங்கே விற்கிறீர்கள், பெண் எடுத்தது கொடுத்தது எந்த ஊர்? "வேற எதுவும் கேட்கக் கூடாது" என்று சரோஜா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வசந்தா என்று ஒரு பெண், வகுப்பில் முதலாவதாக வருகிறவள், மூன்று கேள்வி போதாது என்று நினைத்துத் தானாக நாலாவது ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள்: "உங்க வூட்ல இன்னா பாஷை?"

எல்லை எங்கே போடுவார்கள் என்று இரண்டு ராஜ்யமும் பேசிக்கொண்டிருக்கிற நேரம். ஆட்கள் வந்து பாஷை எண்ணப்போகிறார்கள் என்று ஊரில் ஏற்கெனவே பேச்சு. காகிதமும் பென்சிலுமாக இத்தனை பேர் வந்தால் என்ன நினைப்பார்கள்? அரைமணிக்குள் தெருவெல்லாம் செய்தி பரவிவிட்டது. எல்லை போடுகிறவர்கள் வந்துவிட்டார்கள், பிள்ளைகளை விட்டுக் கேட்கிறார்கள்!

முதலில் உபசாரம் நடந்தது. பிள்ளைகளுக்கு அவித்த வேர்க்கடலை, எனக்கு இளநீர். நான்தான் பெரிய அதிகாரி என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். குடை காரணமாக இருக்கலாம். வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்த கன்னியம்மா என்பவள் என் கையைப் பிடித்து இழுத்து ரகசியமாகச் சொன்னாள்: "எம்மா, எங்க வூட்ட எந்தப் பக்கம் எழுதினாலும் சரி, எங்க மாமியா வூட்ட மட்டும் அடுத்த பக்கம் எழுதிடு. புண்ணியமாப் போவும்."

அவள் மாமியார் அடுத்த வீட்டு வாசலிலிருந்து, "காதுல விழுது!" என்றாள்.

அப்புறம்தான் தேசப்பன் வந்தார். ஊரில் நாலு பேர் மதிக்கிறவர், தலையில் துண்டு, பின்னால் ஏழெட்டு ஆண்கள். நேரே சரோஜாவிடம் போனார்.

"டீச்சரம்மா, யாரக் கேட்டு எழுதிக்கினு போறீங்க? தெலுங்குன்னு எழுதினா எங்க பசங்க தமிழ்ல படிக்கிறது போச்சு. தமிழுன்னு எழுதினா ஏரி அந்தப் பக்கம் பூடும், தண்ணி போச்சு. எதச் சொல்லச் சொல்றீங்க?"

"ஐயா, இது பள்ளிக்கூடப் பாடம். பாஷை கேட்கச் சொல்லலை. ஒரு பொண்ணு தெரியாம..."

"பாடமா? எங்க வூட்டு வாசல்லயா பாடம்?" என்றான் பின்னால் ஒருவன். குரல்கள் உயர்ந்தன. பிள்ளைகள் பயந்து சரோஜாவைச் சுற்றி ஒட்டிக்கொண்டார்கள். வசந்தா அழ ஆரம்பித்துவிட்டாள். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒரு ஆள் சட்டென்று குனிந்தான். அவன் கை தரையைத் தொட்டது.

"சரோஜா!"

அப்படி ஒரு கூச்சல் என் தொண்டையிலிருந்து வரும் என்று நான் நினைத்ததில்லை. குடையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவள் தலையைக் கட்டிக்கொண்டேன். எல்லோரும் திரும்பி அந்த ஆளைப் பார்த்தார்கள். அவன் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, காலிலிருந்து பிடுங்கியதை விரலில் உயர்த்திக் காட்டினான்.

"முள்ளும்மா. கருவ முள்ளு."

யாரும் சிரிக்கவில்லை. நான் அவள் தலையை விடவில்லை. கன்னியம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தேசப்பன் அப்போதுதான் சரோஜாவின் புருவத்தைக் கவனித்தார்.

"அது இன்னாம்மா தழும்பு?"

"கல்லுங்க. போன வருஷம் ரயில்ல."

"எந்தப் பக்கத்தான் அடிச்சான்?"

"கல்லுல எழுதலைங்க" என்றாள் சரோஜா.

முள் குத்தியவன்தான் முதலில் சிரித்தான். பிறகு ஒவ்வொருவராக. தேசப்பன் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மாவ உக்கார வைங்கடா" என்றார்.

சரோஜா பிள்ளைகளிடமிருந்த காகிதங்களை எல்லாம் வாங்கி அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே வச்சுக்குங்க. எழுத வேண்டாம். தரையிலேயே பாடம் நடத்திட்டுப் போறோம், எல்லாரும் பாருங்க." கன்னியம்மாவிடம் கோலமாவு வாங்கி, தெருவின் நடுவில் ஆற்றை வரைந்தாள், ரயில் பாதையை வரைந்தாள். நகரி, புத்தூர், திருத்தணி, பள்ளிப்பட்டு, பிச்சாட்டூர், திருப்பதி, தெருக்கோடியில் மதராஸ். மலை மூக்குக்கு ஒரு கல்லை வைத்தாள். புளி உடைத்த முறத்தில் கொட்டைகள் குவிந்து கிடந்தன. "வீட்டுக்கு வந்த மருமகள் எந்த ஊரோ, கட்டிக்கொடுத்த மகள் எந்த ஊரோ, அங்கே ஒரு கொட்டை வைங்க."

முதலில் யாரும் நகரவில்லை. கன்னியம்மா எழுந்து, "நான் பிச்சாட்டூரு" என்று ஒன்றை வைத்தாள். அப்புறம் தெருவே இறங்கிவிட்டது. "டேய், உன் தங்கச்சி பள்ளிப்பட்டுடா, புத்தூர்ல வைக்கிற!" "அவ சண்டை போட்டுக்கினு வூட்டோட வந்துட்டா, எங்க வைக்கிறது?" "ரெண்டுக்கும் நடுவுல வை!" ஏரியை வரையவில்லை என்று தேசப்பன் கோபித்துக்கொண்டு, தானே மாவை வாங்கிக் கோணலாக ஒரு ஏரி போட்டார். வசந்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கொட்டைகளை எண்ண ஆரம்பித்தாள். சரோஜா பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்து, எந்தப் பக்கம் அதிகம், ஏன் அந்தப் பக்கம், நடுவில் ஆறு இருந்தும் எப்படி என்று கேட்டுக்கொண்டே போனாள். பதில் சொன்னதெல்லாம் பெரியவர்கள்தான்.

முள் குத்தியவன் வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏன் டீச்சரம்மா, இந்தக் கோடு போடறாங்களே, அவங்களுக்கெல்லாம் சம்பந்தியே கெடையாதா?" என்றான்.

கன்னியம்மா ஒரு கொட்டையை என் உள்ளங்கையில் வைத்தாள். "நீயும் வைம்மா."

"என் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையே" என்றேன்.

"ஆவட்டும். பொண்ணு இருக்கிற ஊர்ல வை."

எழுந்து நின்றேன். தெருக்கோடியில் மதராஸ் இருந்தது. அங்கே இதுவரை ஒரே ஒரு கொட்டைதான், யாரோ ஒருவருடைய கொழுந்தனார் மகளாம். திங்கட்கிழமைக்குள் பதில் என்று அண்ணா சொன்ன குரல் காதில் இருந்தது. நான் 'வா' என்றால் போதும், வந்துவிடுவாள். சரோஜா என்னைப் பார்க்கவே இல்லை. தேசப்பனுடைய ஏரியிலிருந்து வாய்க்கால் எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு பையனுக்குக் குனிந்து காட்டிக்கொண்டிருந்தாள். வெயிலில் அந்தத் தழும்பு பளபளத்தது. அவளோ அதை மறந்தே போயிருந்தாள். அந்தக் கூட்டத்தின் நடுவில் அதையே நினைத்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

கொட்டையை நகரியில் வைத்தேன்.

திரும்பும்போது ஆற்று மணலில் சரோஜா என் பக்கத்தில் நடந்தாள். "கடைசியில மொத்தம் எத்தனை நகரியில இருந்ததுன்னு வசந்தா சொன்னா. நான் எதிர்பார்த்ததைவிட ஒண்ணு அதிகம்" என்றாள். நான் குடையைப் பிரித்துக்கொண்டேன். பிரித்தபோது உள்ளேயிருந்து வேர்க்கடலை கொட்டியது. உபசாரம் அந்த அளவுக்கு நடந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்கு வந்தாள். "மாமாகிட்ட என்ன சொல்வே?"

"உனக்கு இங்கே வகுப்பு இருக்குன்னு சொல்றேன். வாரம் ஒரு கார்டு போடு. ரயில்ல வரும்போது ஜன்னலோரம் மட்டும் உட்காராதே."

"சரிம்மா" என்றாள். உட்காருவாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பெட்டியில் ஏறி வழக்கம்போல் நடைபாதை ஓரம் உட்கார்ந்தேன். வண்டி நகர்ந்ததும் அவள் தெரிகிறாளா என்று பார்க்க ஜன்னல் பக்கம் போனேன், அப்படியே அங்கேயே தங்கிவிட்டேன். பிளாட்பாரம் போயிற்று. நெல் வயல், வேர்க்கடலைக் காடு, சாயம் போட்டு வெயிலில் கட்டியிருந்த நூல். அதற்கெல்லாம் மேலே அந்த மூக்கு, வண்டியோடு கூடவே வந்தது. கடலிலிருந்து தெரிகிற மலை என்றால் மதராஸுக்கு அது அப்படியொன்றும் தூரமில்லை.

எஞ்சின் கரித்தூள் உள்ளே பறந்தது. எதிரில் வெள்ளைச் சட்டைக்காரர் தோளைத் தட்டிக்கொண்டு, "அம்மா, அந்தக் கதவைக் கொஞ்சம் மூடுறீங்களா?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க. மலை முடியட்டும்" என்றேன்.